ஒரு ஜப்பானியக் குறுவாளும் அதன் சொந்தக்காரர்களும்

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு குறுவாள் இருக்கிறது. அலகின் நீளம் 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நாம் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த அடிஸ்கேலில் முக்கால் பங்குகூட வராது. ஆனால் அடிப்பகுதியில் அதன் கனம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். இந்த நீளத்துக்கு ஜப்பானியக் குறுவாள்கள் பொதுவாக அதில் பாதி கனம்தான் இருக்கும். இவ்வளவு தடிமனாக ஏன் அடித்தார்கள் என்றால், கவசம் போட்ட ஆளோடு கட்டிப்புரண்டு சண்டை போடும்போது கவசத்தின் இடுக்கில் குத்தினால் கத்தி வளையக் கூடாது, ஒடியக் கூடாது. அதற்காகத்தான். இதன் பெயரே 'அட்சுஷி தோஷிரோ'. 'அட்சுஷி' என்றால் தடிமன். 'தோஷிரோ' என்பது இதை அடித்த கொல்லரின் கூப்பிடு பெயர். அவருடைய தொழில் பெயர் யோஷிமிட்சு. கியோட்டோவில் அவதாகுச்சி என்ற பகுதியில், 13-ஆம் நூற்றாண்டில் வேலை செய்தவர். குறுவாள் அடிப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று ஜப்பானில் இன்றும் சொல்வார்கள்.

ஆக, தமிழில் பெயர் வைப்பதாக இருந்தால் 'தோஷிரோ அடித்த தடியன்' என்று வைக்கலாம். :-)

சரி, ஒரு கத்தியைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கத்தியைவிட அது யார் யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம். பழம்பொருள் சேகரிப்பவர்களைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான கருத்து உண்டு. ஒன்று, 'பணம் கொழுத்தவர்கள், பொதுச் சொத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பவர்கள்.' இன்னொன்று, 'அவர்கள் இல்லாவிட்டால் எல்லாம் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.' இரண்டுமே பாதி உண்மை என்பது என் கட்சி. ஒரு சேகரிப்பாளர் நல்லவரா கெட்டவரா என்று முடிவு செய்ய வேறு ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: பொருள் தன் கைக்கு எப்படி வந்தது, யார் கைக்குப் போனது என்று எழுதி வைத்தாரா இல்லையா?

இந்தக் குறுவாளின் கதையையே பார்ப்போம். முதலில் ஆஷிகாகா ஷோகன்களின் குடும்பத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் செல்வாக்கு சரிந்த பிறகு ஹொனாமி கோதோகு என்பவர் கையில் வருகிறது. இந்த ஹொனாமி குடும்பத்தைப் பற்றிக் கீழே வருகிறேன், முக்கியமான ஆட்கள். அங்கிருந்து கைமாறி குரோடா ஜோசுயியிடம் போகிறது. இவர் ஹிதேயோஷியின் யுத்த தந்திரி. (சாதாரணக் குடும்பத்தில் பிறந்து ஜப்பானையே ஒரு குடையின் கீழ் கொண்டுவந்த ஹிதேயோஷி பற்றித் தனியாகவே எழுதலாம். இப்போது வேண்டாம்.) ஜோசுயியிடமிருந்து ஹிதேயோஷியின் அக்கா மகன் ஹிதேட்சுகுவிடம். பிறகு ஹிதேயோஷியிடமே. அவரிடமிருந்து மோரி ஹிதேமோதோ என்ற பிரபுவுக்கு. ஹிதேமோதோவின் பேரன் ட்சுனமோதோ காலத்தில் நான்காவது தொகுகாவா ஷோகன் இயெட்சுனாவுக்கு. பிறகு தொகுகாவா வம்சத்தின் கிளைக் குடும்பமான ஹிதோட்சுபாஷிக்கு. 1938-இல் அவர்களிடமிருந்து டோக்கியோவிலிருந்த அரச அருங்காட்சியகம் வாங்கியது. இப்போது அது தேசிய அருங்காட்சியகம், இந்தக் குறுவாள் ஜப்பான் சட்டப்படி 'தேசியப் பொக்கிஷம்'.

படிக்கும்போது ரயில் நிலையங்களின் பட்டியல் மாதிரி இருக்கிறது இல்லையா? ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலும் இப்படித்தான் போடுவார்கள். பெரிய பெயர் கூடக் கூட விலையும் கூடும். ஆனால் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி என்ன நடந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஹிதேட்சுகு என்ற நிலையத்தில் இறங்குவோம். ஹிதேயோஷிக்கு வாரிசு இல்லாததால் 1591-இல் மருமகனான இவரைத் தன் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1593-இல் ஹிதேயோஷிக்கே ஆண் குழந்தை பிறந்துவிட்டது. அதன் பிறகு மருமகன் தேவைப்படவில்லை. 1595-இல், சதி செய்தார் என்று குற்றம்சாட்டி, கோயா மலைக்கு அனுப்பி, வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி உத்தரவு. ஹிதேட்சுகு தன்னோடு சாகப் போகிற சேவகப் பையன்களுக்குத் தன் நல்ல குறுவாள்களைக் கடைசிப் பரிசாகக் கொடுத்தார் என்றும், அதில் ஒன்று இந்த அட்சுஷி என்றும் ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, அடுத்து நடந்தது வரலாறு. ஹிதேட்சுகுவின் மனைவி, ஆசைநாயகிகள், குழந்தைகள் என்று முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கியோட்டோவில் ஆற்றங்கரையில் வைத்துக் கொன்றார்கள். குறுவாள் மட்டும் பத்திரமாக மாமாவிடம் வந்து சேர்ந்தது.

வம்சாவளியில் இது எப்படி எழுதப்படுகிறது? 'ஹிதேட்சுகு, பின்னர் ஹிதேயோஷி.' நடுவில் ஒரு காற்புள்ளி. அந்தக் காற்புள்ளிக்குள் முப்பது பிணம்!

இப்படிப் பார்த்தால், இந்தக் குறுவாள் கைமாறிய தடவைகளில் காசு கொடுத்து வாங்கியது கொஞ்சம்தான் என்பது தெரியும். மற்றதெல்லாம் பரிசு. அந்தக் காலத்து ஜப்பானில் பெரிய மனிதர்களுக்கு இடையே வாள் பரிசு என்பது நாம் பிறந்தநாளுக்குக் கொடுக்கிற பரிசு இல்லை. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுத்தால் 'நீ என் ஆள்' என்று அர்த்தம். கீழே இருப்பவர் மேலே கொடுத்தால் 'நான் உங்கள் ஆள், என் மேல் சந்தேகம் வேண்டாம்' என்று அர்த்தம். மோரி குடும்பம் செகிகஹாரா போரில் (1600) தோற்ற பக்கம் இருந்து, தொகுகாவாவிடம் பெரும்பாலான நிலத்தை இழந்த குடும்பம். அதே குடும்பத்தின் கிளை ஒன்று தன்னிடமிருந்த மிகச் சிறந்த குறுவாளைத் தொகுகாவா ஷோகனுக்குச் சமர்ப்பிக்கிறது என்றால், அதைக் கலைப் பரிமாற்றம் என்று மட்டும் வர்ணிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மோரிக்குக் கொடுக்கப்பட்டதால்தான் இந்தக் குறுவாள் இன்று இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஹிதேயோஷி வெறித்தனமாக யோஷிமிட்சு கத்திகளைச் சேர்த்தவர். அந்தச் சேகரிப்பு ஒசாகா கோட்டையில் இருந்தது. 1615-இல் தொகுகாவா படை கோட்டையைப் பிடித்தபோது எல்லாம் தீயில் போயிற்று. யோஷிமிட்சு அடித்ததிலேயே புகழ்பெற்ற நீள வாளான 'இச்சிகோ ஹிதோஃபூரி' எரிந்தது. 'நமாசுவோ தோஷிரோ' எரிந்தது. தீயில் மாட்டிய கத்திக்கு என்ன ஆகும் என்றால், உருவம் அப்படியே இருக்கும், ஆனால் கொல்லர் தண்ணீரில் தோய்த்து ஏற்றிய கடினம் இறங்கிவிடும். கூர்முனை ஓரமாக மேகம் மாதிரி ஓடுமே, 'ஹமோன்' என்று சொல்கிற அந்தக் கோடு, அது மறைந்துவிடும். இந்தக் கத்திகளுக்கு யாசுட்சுகு என்ற கொல்லர் திரும்பத் தோய்ச்சல் கொடுத்தார். இன்றும் அவை இருக்கின்றன, ஆனால் அவற்றின் மேல் ஓடுகிற கோடு யோஷிமிட்சு போட்டதில்லை. மோரி வீட்டில் இருந்த தடியனுக்கு இது எதுவும் நடக்கவில்லை.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து வைப்பதுதான் பாதுகாப்பு என்று வாதிடுகிறவர்கள் ஒசாகா கோட்டையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இதே யோஷிமிட்சு அடித்த இன்னொரு குறுவாளுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், நல்ல கதை. 1493-இல் ஹதகேயாமா மசானாகா என்ற பிரபு போரில் தோற்று, வயிற்றைக் கிழித்துக்கொள்ளப் பார்த்தாராம். எத்தனை தடவை குத்தியும் கத்தி இறங்கவில்லை. கோபத்தில் தூக்கி எறிந்தார். பக்கத்தில் மருந்து அரைக்கிற கலுவம் ஒன்று இருந்தது, 'யகென்' என்பார்கள். கத்தி அதைத் துளைத்துக்கொண்டு போய் நின்றது! எஜமானைக் குத்தாத விசுவாசமான கத்தி என்று பெயர் வந்துவிட்டது. அன்றிலிருந்து அது 'யகென் தோஷிரோ'. (மசானாகா வேறு கத்தியால் இறந்துபோனார் என்பதைக் கதை சொல்பவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.) பிற்பாடு அது ஓடா நொபுனாகாவிடம் வந்தது. 1582-இல் ஹொன்னோஜி கோயிலில் நொபுனாகா மடிந்த தீயிலேயே அழிந்தது என்று ஒரு கட்சி, தப்பித்து ஹிதேயோஷி கைக்குப் போனது என்று ஒரு கட்சி. இன்று கத்தி இல்லை. கதை மட்டும் இருக்கிறது.

இப்போது ஹொனாமி குடும்பத்துக்கு வருவோம். இவர்கள் தலைமுறை தலைமுறையாக வாள்களுக்கு மெருகு போடுவது, சோதித்துப் பார்ப்பது, இது இன்னார் அடித்தது என்று தீர்ப்புச் சொல்வது, இதைத் தொழிலாகக் கொண்டவர்கள். தீர்ப்பை ஒரு கெட்டியான காகிதத்தில் எழுதி, மடித்துக் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பெயர் 'ஓரிகாமி'. ஆமாம், நாம் காகிதத்தில் கொக்கு செய்கிறோமே, அதே சொல்தான். 'மடித்த காகிதம்' என்று அர்த்தம். அதில் கத்தியின் மதிப்பு இத்தனை தங்கக் காசு என்றும் போட்டிருக்கும். இன்றைக்கும் ஜப்பானிய மொழியில் 'ஓரிகாமி உள்ளது' என்றால் 'உத்தரவாதமான தரம்' என்று பொருள்.

ஹொனாமி கோதோகு இன்னொரு காரியமும் செய்தார். ஹிதேயோஷியிடம் இருந்த வாள்களை, ஹமோன் உட்பட, படமாக வரைந்து வைத்தார். ஒசாகா கோட்டை எரிவதற்கு முன்பு வரைந்தது! எரிந்துபோன கத்திகள் எரிவதற்கு முன் எப்படி இருந்தன என்று இன்று நமக்குத் தெரிவது இந்தப் படங்களால்தான். பிறகு எட்டாவது ஷோகன் யோஷிமுனே கேட்டுக்கொண்டபடி, 1719-இல் ஹொனாமி கோச்சூ நாட்டிலுள்ள புகழ்பெற்ற வாள்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். ஒவ்வொன்றும் என்ன நீளம், யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் என்று. எரிந்துபோனவற்றையும் 'எரிந்துபோனது' என்று குறிப்பிட்டே சேர்த்திருக்கிறார்கள். இல்லாத பொருளுக்கும் பட்டியலில் இடம் கொடுத்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

காகிதம் பொய் சொல்லாதா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லும். பிற்கால ஹொனாமிகள் தாராளமாகத் தீர்ப்பு வழங்கினார்கள் என்ற பேச்சு உண்டு. ரொம்பப் பின்னால், 1970-களில் வழங்கப்பட்ட வாள் சான்றிதழ்களிலும் தில்லுமுல்லு நடந்து, 1980-களில் புதிய சான்றிதழ் முறையே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் பொய்க் காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். காகிதமே இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு 1945 போதும்.

போர் முடிந்ததும் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை, ஜப்பானில் யாரிடமும் ஆயுதம் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பட்டாளத்து மலிவு வாளும் எழுநூறு வருஷத்து வாளும் அவர்களுக்கு ஒன்றுதான். ஹொம்மா ஜுன்ஜி போன்ற நிபுணர்கள், கேட்வெல் என்ற அமெரிக்க கர்னலைப் பிடித்து, இது ஆயுதமில்லை கலை என்று புரியவைத்து, கலை மதிப்புள்ளவற்றுக்கு விலக்கு வாங்கினார்கள். அதற்குள் ஏராளமான வாள்கள் கடலில் கொட்டப்பட்டு, உருக்கப்பட்டு, சிப்பாய்களின் பைகளில் நினைவுப் பொருளாக அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டன.

தொகுகாவா வம்சத்தின் தலைவர் இயெமசா சட்டத்தை மதித்து, டிசம்பர் 1945-இல் தன் குடும்ப வாள்களை மெஜிரோ காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அதில் ஒன்று 'ஹொஞ்சோ மசமுனே'. ஜப்பானின் மிக உயர்ந்த வாள்களில் ஒன்று, அப்போதே தேசியப் பொக்கிஷம். ஜனவரி 1946-இல் ஏழாவது குதிரைப்படையைச் சேர்ந்த ஒரு சார்ஜென்ட் வந்து வாங்கிக்கொண்டு போனார். பெயர் என்ன? 'கோல்டி பைமோர்' என்று பதிவாகியிருக்கிறது. காதில் விழுந்ததை ஜப்பானிய எழுத்தில் எழுதி, அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததில் வந்த பெயர். அப்படி ஒரு ஆள் எந்த ராணுவப் பதிவேட்டிலும் இல்லை. வாளும் இன்றுவரை இல்லை. முந்நூறு வருஷத்துக்கு மேல் கைமாறிய விவரமெல்லாம் இருந்தும், கடைசிப் பெயர் ஒன்று சரியாக எழுதப்படாததால் எல்லாம் அங்கேயே அறுந்துவிட்டது.

அதே சமயத்தில் தோக்கியோ வட்டாரத்தில் பிடுங்கப்பட்ட வாள்கள் அகபானே என்ற இடத்தில் அமெரிக்கக் கிடங்கில் குவிக்கப்பட்டன. அவற்றில் சில ஆயிரம் அருங்காட்சியகத்துக்கு வந்து, ஐம்பது வருஷம் அங்கேயே கிடந்தன. 1995-இல்தான் உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் வந்தது. பெரும்பாலானவற்றுக்கு உரியவர் யார் என்றே தெரியவில்லை. மீதியை நாடெங்கும் உள்ள பொது அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆக, அரசாங்கத்தின் கையில், அருங்காட்சியகக் கூரைக்குக் கீழே இருந்தாலும் பொருள் அநாதையாகலாம்!

இதற்கு நேர் எதிரான கதை, ஒரு தனியார் சேகரிப்பாளருடையது. வால்டர் காம்ப்டன். அமெரிக்காவில் ஆல்கா செல்ட்ஸர் மாத்திரை தயாரித்த மைல்ஸ் நிறுவனத்தின் தலைவர், ஜப்பானிய வாள் பைத்தியம். போருக்குப் பிறகு அமெரிக்காவில் அவர் வாங்கிய ஒரு வாள், 13-ஆம் நூற்றாண்டின் குனிமுனே அடித்தது என்றும், ககோஷிமாவில் உள்ள தெருகுனி ஆலயத்திலிருந்து போரை ஒட்டிக் காணாமல் போன தேசியப் பொக்கிஷம் என்றும் தெரியவந்தது. 1963-இல் ஒரு காசு வாங்காமல் அதை ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. ஆனால் இது இன்ன ஆலயத்து வாள் என்று ஜப்பானில் ஒரு பதிவேட்டில் எழுதியிருக்காவிட்டால் அவருடைய பெரிய மனதுக்கு வேலையே வந்திருக்காது. அவர் காலமான பிறகு, 1992-இல், மீதிச் சேகரிப்பை நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலம் விட்டது. இன்றும் ஒரு வாளுக்குப் பக்கத்தில் 'காம்ப்டன் சேகரிப்பு' என்று போட்டிருந்தால் அதற்குத் தனி மரியாதை. அவர் பெயரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிட்டது.

எல்லாரும் காம்ப்டன் மாதிரி இல்லை. கெட்டிக்காரத்தனமாகக் கெடுத்தவர்களும் உண்டு. ஜப்பானியக் கத்தியின் பிடிக்குள் மறைந்திருக்கிற அடித்தண்டில்தான் கொல்லர் பெயரை வெட்டியிருப்பார். அதில் படிந்த துருவின் நிறத்தை வைத்துத்தான் வயதைச் சொல்வார்கள். விஷயம் தெரியாதவர்கள் கத்தியைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் ஐந்நூறு வருஷம் போச்சு. அதேபோல 1876-இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும், உறை, பிடி, கைக்காப்புத் தகடு இவற்றைத் தனித்தனியாகக் கழற்றி ஐரோப்பியர்களுக்கு விற்றார்கள். அலகு ஒரு கண்டத்தில், தகடு ஒரு கண்டத்தில். ஒன்று மற்றொன்றோடு சேர்ந்தது என்று எங்கும் குறிப்பு இல்லாததால் இனி அவை சேரப்போவதில்லை.

ஆகவே தனியார் சேகரிப்பையே தடை செய்ய வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2020-இல் 'சான்சோமோ' என்ற தேசியப் பொக்கிஷ வாளை ஒரு தனிநபரிடமிருந்து செதோஉச்சி என்ற சின்ன ஊரின் நகராட்சி 50 கோடி யென்னுக்கு வாங்கியது. அந்த வாள் பிறந்த வட்டாரம் அது. பணத்தில் பெரும்பகுதி பொதுமக்கள் இணையம் வழியாகவும் மற்ற வழிகளிலும் தந்த நன்கொடை. 2015-இல் வந்த 'தோகென் ரன்பு' என்ற விளையாட்டில் பழைய வாள்களெல்லாம் அழகான இளைஞர்களாக வருவார்கள் (நம் தடியனும் அதில் ஒரு பையன்). அதைப் பார்த்துவிட்டு நிஜ வாளைப் பார்க்க வரிசையில் நிற்கிற கூட்டம் இன்றும் இருக்கிறது. தனியார் வைத்திருந்தார், பத்திரமாக வைத்திருந்தார், நேரம் வந்ததும் ஊருக்கு வந்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு விஷயத்தில். ஏலப் பட்டியல்களில் 'ஒரு கனவான் வசமிருந்தது' என்று போடுகிறார்களே, அதில். யார் அந்தக் கனவான்? எங்கே வாங்கினார்? 1946-இல் அவருடைய அப்பா எந்தப் படையில் இருந்தார்? பெயர் சொன்னால் திருடன் வருவான் என்பார்கள். நியாயமான பயம்தான். அப்படியானால் பெயரை ஓர் அருங்காட்சியகத்தில் மூடிய உறையில் கொடுத்து வைக்கட்டும், ஐம்பது வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று எழுதியும் வைக்கட்டும்.

ஜப்பானில் 15 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள ஒவ்வொரு பழைய வாளுக்கும் மாகாணக் கல்வி வாரியம் ஒரு பதிவுச் சீட்டு தருகிறது. நீளம், வளைவு, அடித்தண்டில் எத்தனை துளை, என்ன பெயர் வெட்டியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். வாள் விற்கப்படும்போது சீட்டும் கூடவே போகும், வாங்கியவர் 20 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சீட்டில் சொந்தக்காரர் பெயருக்கு இடமே கிடையாது. வாரியத்தின் ஏட்டில்தான் அது இருக்கும், வெளியாள் பார்க்க முடியாது. கோச்சூ 1719-இல் ஷோகனுக்கே பயப்படாமல் யார் வீட்டில் எது இருக்கிறது என்று எழுதினார். இப்போது அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் மறைக்கிறோம்.